யோகராஜாவும் மான் தூக்கும் பையும்

லண்டனில் தங்களைச் சுத்த சைவம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். யோகராஜா சொல்லிக்கொள்வதில்லை, அப்படியே இருந்தான். பிறந்தநாள் வீட்டில் கேக்குக்கு முட்டை போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், பிள்ளையை வாழ்த்திவிட்டு வெறும் வயிற்றோடு வந்துவிடுவான். பிஸ்கற் பெட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காணி உறுதிப் பத்திரம் வாசிப்பது போல நின்று வாசிப்பான். அந்த மனிதனைத்தான் இன்று தெற்கு லண்டன் நோர்பரி தொடக்கம் கிழக்கு லண்டன் பார்க்கிங் வரைக்கும் நம்மவர்கள் வேட்டைக்காரன் என்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பாதிக் காரணம் ஒரு முதுகுப் பை. மீதிப் பாதி நான். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னால் சுவாமியார் சிரித்துவிடுவார் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பெயர் செபஸ்தியாம்பிள்ளை, மன்னார்க்காரன். எண்பத்தாறாம் ஆண்டு நோர்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. ஓர் அறையில் நானும் மனைவி றோஸ்மலரும், மற்றதில் யோகராஜா. குசினி பொது. நாங்கள் மீனும் இறைச்சியும் இல்லாமல் ஒரு நேரம் சாப்பிட மாட்டோம். யோகராஜா தன் சட்டிக்கும் அகப்பைக்கும் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தான். எங்கள் கறி கொதிக்கும்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். மெல்ல எழுந்து யன்னலைத் திறப்பான். தை மாதத்துக் குளிரிலும் திறப்பான். நாங்கள் மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு நண்டு சாப்பிட்டிருக்கிறோம்.

கிழமை நாட்களில் அவன் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினான். சனி, ஞாயிறு வீடியோ. கலியாணம், சாமத்தியச் சடங்கு, அறுபதாம் ஆண்டு, எங்கே ஐயர் போனாலும் பின்னால் யோகராஜா போவான். அந்த வருடங்களில் பெண்ணின் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில் இருப்பார்கள், மாப்பிள்ளையின் தாய் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருப்பார், ஒருவராலும் வர முடியாது. பிள்ளையின் கலியாணம் என்று அவர்கள் காணப்போவது யோகராஜாவின் கசற்றைத்தான். இது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்த வேலையைப் பூசை மாதிரிச் செய்தான்.

ஆனால் அவனிடம் கார் இல்லை. ஓட்டுநர் பரீட்சையில் ஐந்து முறை தோற்றவன். எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் வழிவிட்டுக்கொண்டு நின்றதில் பரீட்சை நேரம் முடிந்துவிடும். ஆகவே தோளில் வைக்கிற பெரிய கமரா, இரண்டு லைற், மூன்று கால் ஸ்ராண்ட், பற்றரிகள், வயர்ச் சுருள் எல்லாவற்றையும் நாலு கடைப் பைகளிலும், கிழவிகள் சந்தைக்கு இழுத்துப் போகிற ஒரு சில்லு வண்டியிலும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸிலும் ரெயினிலும் அலைந்தான். மண்டபத்துக்கு வந்து சேரும்போது விரல் மடங்காது. ஒரு கலியாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்துக் கை நடுங்கிவிட்டது. கசற்றைப் பார்த்த பெண்ணின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் போட்டார். லண்டனிலும் பூமி நடுக்கம் வருவதுண்டா என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதம் யோகராஜாவின் நித்திரையைக் கெடுத்தது. நல்ல முதுகுப் பை ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தான். அவன் ஒரு பொருள் வாங்குவது என்றால் சம்பந்தம் பேசுவது மாதிரி. மூன்று மாதம் பை பார்த்தான். மலையேறுகிறவர்களின் பை குழாய் போல இருக்கிறது, அடியில் கிடக்கிற பற்றரியை எடுக்க மேலே உள்ள எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும் என்று கழித்தான். பள்ளிக்கூடப் பையின் வார் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தாங்காது என்றான். பழைய இராணுவச் சாமான் விற்கிற கடையில் மலிவாக ஒன்று கிடந்தது. அதன் பச்சையும் மண்ணிறமும் கலந்த புள்ளிகளைக் கண்டதும் அவனும் கூடப் போன நானும் வெளியே வந்துவிட்டோம். அந்தப் புள்ளிகளைப் போட்டுக்கொண்டு வந்தவர்களால்தான் நாங்கள் இந்த நாட்டில் இருக்கிறோம்.

கடைசியில் அது கிடைத்தது குரோய்டனில். விசா விஷயமாக அங்குள்ள பெரிய கட்டடத்துக்கு இருவரும் போய், காலையிலிருந்து வரிசையில் நின்று, அடுத்த மாதம் வரச்சொன்ன கடதாசியோடு திரும்பிய நாள். ஸ்டேஷனுக்குப் போகும் ஒழுங்கையில் வேட்டைச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடை. கண்ணாடிக்குள் ஒரு நரித் தலை எங்களைப் பார்த்துச் சிரித்தது. அதன் கீழே அலுமினியச் சட்டம் போட்ட ஒரு கடும்பச்சைப் பை நின்றது.

“அதைப் பாரும் ஐசே,” என்றான் யோகராஜா. பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்துப் போனவன் மாதிரிக் குரல் தணிந்துவிட்டது.

கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர், மிகவும் மரியாதையானவர். என்ன மிருகத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். கலியாணத்துக்கு என்றான் யோகராஜா. அவர் ஒரு கணம் யோசித்தார். எங்கள் நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டார் போலும். பையை இறக்கி ஒவ்வொன்றாகக் காட்டினார். பக்கத்து நீளமான உறை மான் சுடுகிற துவக்குக்கு. யோகராஜா தன் ஸ்ராண்டை மனதுக்குள் வைத்துப் பார்த்துத் தலையாட்டினான். அடியில் மடக்கி விரிக்கிற தட்டு, மானின் பாரம் இடுப்பில் இறங்குவதற்கு. அங்கே வயர்ச் சுருளும் பற்றரியும். முன்பக்கம் முழுவதும் ஒரே இழுவையில் திறக்கும். உள்ளே ஒரு தனி உறை, இரத்தம் கசியாது, கழற்றிக் கழுவலாம். அதைக் கேட்டதும் யோகராஜாவின் முகம் சுருங்கியது.

“முந்தி இதுக்குள்ளை ஏதும் செத்தது வைச்சவையோ எண்டு கேளும்,” என்று என் காதில் சொன்னான்.

“புதுப் பை ஐசே.”

“கேளுமன்.”

கேட்டேன். கடைக்காரர் மனம் நொந்துபோய், புதுச் சாமான் மட்டும்தான் விற்பேன் என்றார். பிறகு மணல் மூட்டைகளை உள்ளே வைத்து, யோகராஜாவின் முதுகில் ஏற்றி, இடுப்புப் பட்டையை இறுக்கி, மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னார். யோகராஜா ஏறினான், இறங்கினான், கையை முன்னால் நீட்டிப் பார்த்தான். விரல் நடுங்கவில்லை. மறுபடியும் ஏறினான். நாலாம் முறை நான்தான் பிடித்து நிறுத்தினேன். துணியில் சத்தமே வராது, பக்கத்தில் நிற்கிற மானுக்குக்கூடக் கேட்காது என்றார் கடைக்காரர். ஐயர் மந்திரம் சொல்லும்போது சரசரக்காது என்று யோகராஜா எனக்கு மொழிபெயர்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் பைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினான். ஆனால் லேபிளைக் கழற்றவில்லை. நம்மவர்கள் சோபா வாங்கினால் பொலித்தீன் உறையோடுதான் பத்து வருடம் இருப்பார்கள். லேபிளைக் கழற்றினால் சாமான் பழசாகிவிடும். அந்த லேபிள் ஒரு சாண் நீள மட்டை. அதில் ஒரு படம். தாடிக்காரன் ஒருவன் இதே பையைச் சுமந்து நிற்கிறான், பைக்கு மேலே ஒரு மானின் தலை தொங்குகிறது. அதைத் தொங்கவிட்டபடியே எங்கள் நடையில் கொக்கி அடித்துப் பையை மாட்டினான்.

அந்த மாதம்தான் அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அவனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இருநூறு பேர் தாலி கட்டுவதைப் படம் பிடித்தவன். தன்னுடையதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பார்க்கிங்கில் ஒரு கலியாண வீட்டில் பாலாம்பிகை என்ற பெண் இவனைக் கவனித்திருக்கிறாள். ஆறு மணித்தியாலம் கால் மாற்றி நின்று, ஒருவரையும் ஏசாமல், பிள்ளைகள் வயரில் தடக்கி விழுந்தாலும் தூக்கிவிட்டு வேலை செய்கிற மனிதன். தன் கணவனின் தங்கை கனகவல்லிக்கு இவன் பொருந்துவான் என்று வீட்டில் பேச்சைத் தொடங்கி, அவளுடைய படத்தையும் யோகராஜாவுக்கு அனுப்பிவிட்டாள். கனகவல்லிக்கு முப்பத்திரண்டு; ஒரு கவுன்சில் கந்தோரில் வேலை. யோகராஜா அந்தப் படத்தைத் தன் விசாக் கடதாசிகளோடு சேர்த்து வைத்தான். அதைவிடப் பத்திரமான இடம் அவனிடம் இல்லை. அந்த நாட்களில் குசினியில் நின்று தனியே சிரித்தான். பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

யாழ்ப்பாணத்தார் சம்பந்தம் செய்வதற்கு முன் விசாரிப்பார்கள். நேராக வந்து கேட்டால் அது விசாரிப்பு ஆகாது. வீடு வாடகைக்கு இருக்கிறதா, பழைய சைக்கிள் விற்பனைக்கு உண்டா என்று யாரோ ஒருவர் வருவார். பேச்சோடு பேச்சாக மாப்பிள்ளையின் பாட்டன் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார் என்பது வரை கறந்துகொண்டு போய்விடுவார். நான் மன்னார்க்காரன், கத்தோலிக்கன். எங்களுக்கும் விசாரிப்பு உண்டு. ஆனால் பங்குச் சுவாமியாரிடம் ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். இந்த நுட்பம் எனக்கு எங்கே தெரியும்?

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் வீட்டில் தனியே ஆட்டிறைச்சி சமைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கழுத்துப்பட்டி கட்டிய, குடை வைத்திருந்த ஒரு பெரியவர். பெயர் குருமூர்த்தி, இங்கே ஓர் அறை வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். இல்லை என்றேன். சும்மா வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே படியேறிவிட்டார். நடைக்கு வந்ததும் கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தார்.

“என்ன இது மணக்குது?”

“கறி.”

“என்ன கறி எண்டு கேக்கிறன்.”

என் வீட்டுக்கு வந்து, என் கறிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, என்னையே விசாரணை செய்கிறார். எனக்குக் கோபம் வந்தால் பகிடியாகத்தான் வரும், அது என் பிறவிக் குணம். அவருடைய கண் அதற்குள் பையிலும் லேபிளிலும் குத்தி நின்றுவிட்டது.

“உது என்ன பை?”

“மான் தூக்கிற பை.”

“ஆற்றை பை உது?”

“பக்கத்து அறை யோகராஜான்ரை.”

“அவர் வேட்டைக்குப் போறவரோ?”

“சனி ஞாயிறு தவற மாட்டார். விடிய வெளிக்கிட்டால் இருண்டாப் பிறகுதான் வருவார்.”

கைலேஞ்சி மூக்கிலிருந்து இறங்கி வாய்க்கு வந்தது. “அப்ப இந்தக் கறி?”

“மான்தான். ஒரு துண்டு ருசி பாக்கிறியளோ ஐயா?”

அவர் இறங்கிய வேகத்தில் குடையின் நுனி ஒவ்வொரு படியிலும் தட்டுப்பட்டது. அன்று இரவு இதைச் சொல்லி நானும் றோஸ்மலரும் வயிறு நோகச் சிரித்தோம். யோகராஜாவும் சிரித்தான்; வந்தது விசாரிப்பு என்று அவனுக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு பாலாம்பிகை எங்களுக்குப் போன் எடுத்தாள். யோகராஜா நடையில் நின்று பேசினான்; நான் அருகில் நின்றேன். அவளுடைய குரல் எனக்கும் கேட்டது.

“என்ன அண்ணை இப்பிடிச் செய்துபோட்டீங்கள்? மாமா ஓம் எண்டு இருந்தவர், இப்ப கதைக்கவே விடுறார் இல்லை. நீங்கள் மச்சம் மாமிசம் தின்னுறது மட்டுமில்லை, மானையும் சுட்டுத் தூக்கிக்கொண்டு வாறனீங்களாம். குருமூர்த்தி சித்தப்பா கண்ணாலை கண்டவராம். கனகவல்லி மட்டும்தான் ஒருக்கா உங்களைப் பாக்க வேணும் எண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறா.”

போனை வைத்துவிட்டு யோகராஜா என்னைப் பார்த்தான். அவன் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீர் வேணுமெண்டு செய்யேல்லை,” என்றான். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு வந்த ஒரே சம்பந்தத்தை ஒரு சட்டி ஆட்டிறைச்சிக்காக உடைத்துவிட்டேன்.

“பரவாயில்லை,” என்றான். “அவ பாக்க வேணும் எண்டு நிக்கிறா. அவவுக்கு என்னிலை நம்பிக்கை இருக்கு. நான் சைவம் எண்டு நிரூபிச்சால் சரி.”

நிரூபிக்கும் வேலை இரண்டு கிழமை நடந்தது. கோயில் ஐயரிடம் போய், இந்த மனிதன் பதினைந்து விரதம் பிடித்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன் என்று அவர் கையால் ஒரு கடிதம் வாங்கினான். களஞ்சியத்தின் கன்ரீன் நடத்துகிற அம்மாவிடமும் ஒன்று வாங்கினான். இவர் ஐந்து வருடமாகச் சீஸ் சான்ட்விச்சும் உருளைக்கிழங்குப் பொரியலும் தவிர வேறெதுவும் வாங்கியதில்லை, அவருடைய உடம்பை நினைத்து எனக்குக் கவலை என்று அவர் மனமுருகி எழுதியிருந்தார். மூன்றாவது சாட்சி நான். நாலாவது சாட்சி பை. அதைத் திறந்து காட்டுவதற்காகக் கமரா, லைற் எல்லாவற்றையும் அடுக்கி முதுகில் ஏற்றிக்கொண்டான்.

ரெயினில் விக்ரோறியா போய், அங்கிருந்து பார்க்கிங்கில் கனகவல்லி வீடு. கனகவல்லியின் தகப்பன் ஸ்ரீஸ்கந்தராஜா ஊரில் பாடசாலை அதிபராக இருந்து இளைப்பாறியவர். கடிதங்களை வாங்கி, விடைத்தாள் திருத்துகிற கண்ணோடு இரண்டு முறை வாசித்தார். நான் எழுந்து, அந்தக் கறி என்னுடையது, மான் அல்ல ஆடு, சொன்னது பகிடி என்று ஒப்புக்கொண்டேன். பக்கத்தில் இருந்த குருமூர்த்தி என்னை நம்பவில்லை. யோகராஜா கம்பளத்தில் முழங்காலில் இருந்து பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தான். இது ஸ்ராண்ட் ஐயா, இது பற்றரி ஐயா. கடைசியில் குருமூர்த்தியே குனிந்து, வெறும் பைக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார்.

“கற்பூரம் மணக்குது,” என்றார். அவருடைய குரலில் பெரிய ஏமாற்றம்.

அதிபர் எழுந்து வந்து யோகராஜாவின் தோளில் கை வைத்தார். “தம்பி, இந்தக் காலத்திலை லண்டனிலை இப்பிடி ஒரு பிள்ளையோ! நாங்கள் பிழையா நினைச்சுப்போட்டம்,” என்றார். கண் கலங்கிவிட்டது. பாலாம்பிகை பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, பிள்ளையோடு இரண்டு வார்த்தை கதைக்கட்டும் என்று யோகராஜாவைக் குசினிக்கு அனுப்பினாள். நான் இரண்டாவது பயற்றம் பணியாரத்தை எடுத்தேன். பாவம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் அவன் திரும்பி வந்தான். பின்னால் கனகவல்லி வந்தாள். மெல்லிய, நேராகப் பார்க்கிற பெண்.

“எனக்கு வேண்டாம் அப்பா,” என்றாள்.

அதிபர் ஏன் என்று கேட்டார், கெஞ்சினார், சத்தம் போட்டார். அவள் காரணம் சொல்லாமல் மாடிக்கு ஏறிவிட்டாள். யோகராஜா கமராவையும் வயரையும் திரும்பவும் பைக்குள் அடுக்கினான். அவ்வளவு ஒழுங்காக, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்.

ரெயின் ஈஸ்ற் ஹாம் தாண்டிய பிறகுதான் குசினியில் நடந்ததைச் சொன்னான். உண்மையாக ஒரு நாளும் சாப்பிட்டதில்லையா என்று அவள் கேட்டிருக்கிறாள். சத்தியமாக இல்லை என்றிருக்கிறான். கோழி? இல்லை. முட்டை? கேக்கில் இருந்தாலும் தொட மாட்டேன். வகுப்பில் முதலாம் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறான். அதன் பிறகு அவள் சொன்னாளாம்:

“நான் ஆறு வருசமா வேலையிலை கோழி சாப்பிடுறன். ஆட்டிறைச்சியும்தான். இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் பல்லைத் தீட்டிப்போட்டுத்தான் வீட்டுக்கு வாறன். நீங்கள் வேட்டைக்காரர் எண்டு சித்தப்பா சொன்னோடனை, இந்த மனிசனிட்டையாவது ஒண்டையும் ஒளிக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன். சாகுமட்டும் ஒளிச்சுக்கொண்டு திரிய என்னாலை ஏலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“நீர் என்ன சொன்னனீர்?” என்று கேட்டேன்.

“பரவாயில்லை எண்டன்.”

அவனைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல் இருந்தது. அதற்குள் அவனே தன் முழங்காலைக் கையால் குத்தினான்.

“நான் என்ன சொல்லியிருக்க வேணும் தெரியுமே? நீங்கள் சாப்பிடுங்கோ, நான் சட்டி கழுவிறன் எண்டு சொல்லியிருக்க வேணும். உங்களோடை இரண்டு வருசம் ஒரே குசினியிலை இருக்கிறன். எனக்கு அது ஒரு நாளும் பெரிசாத் தெரியேல்லை. யன்னலைத் திறந்தால் முடிஞ்சுது. நான் சுத்தம், நான் சுத்தம் எண்டு அவவுக்குச் சொல்லிக்கொண்டு நிண்டிருக்கிறன், மடையன்.”

பிளெய்ஸ்ரோ ஸ்டேஷனில் கதவு திறந்ததும் இறங்கினான். அவ்வளவு பாரத்தையும் முதுகில் வைத்துக்கொண்டு படியில் ஓடினான். நான் வெறுங்கையோடு பின்னால் இரைக்க இரைக்க ஓடினேன். மறுபக்கத்து ரெயினில் ஏறினோம். வழியெல்லாம் அந்த ஒரு வசனத்தைத்தான் அவன் வாய் முணுமுணுத்தது.

பார்க்கிங்கில் மணியை அடித்தான். கதவைத் திறந்தவர் அதிபர். அவருக்குப் பின்னால் குருமூர்த்தி. அவருக்கும் பின்னால், மாடிப்படியின் அடியில், அழுத முகத்தோடு கனகவல்லி. யோகராஜா வாயைத் திறந்தான், அப்படியே நின்றான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நீங்கள் சாப்பிடுங்கோ என்று இந்த வாசலில் சொன்னால், ஆறு வருடமாக அவள் ஒளித்தது தகப்பனுக்குத் தெரிந்துவிடும். தனியே கதைக்க இனி எந்த வீட்டிலும் விட மாட்டார்கள்.

“என்ன தம்பி, ஏதும் விட்டிட்டுப் போனனீங்களோ?” என்று அதிபர் கனிவாகக் கேட்டார்.

“ஐயா,” என்றான் யோகராஜா. “நான் பொய் சொன்னனான்.”

“என்ன?”

“நான் மச்சம் சாப்பிடுறனான். ஆடு, கோழி, மான், எல்லாம். என்ரை வீட்டிலை ஒவ்வொரு நாளும் சமைக்கிறது. இனியும் சமைக்கும். என்னைக் கட்டுறவ விரும்பினதைச் சாப்பிடலாம். ஒருத்தருக்கும் ஒளிக்கத் தேவையில்லை.”

பொய் பேசிப் பழக்கமில்லாதவன். கோழி என்று சொல்லும்போது முகம் கோணியது. ஆனால் நிறுத்தாமல் சொல்லி முடித்தான். அதிபரின் கை கதவைப் பிடித்துக்கொண்டது.

“அப்ப ஐயற்றை கடிதம்?”

“ஐயரையும் ஏமாத்திப்போட்டன்.”

“நான் அண்டைக்கே சொன்னனான்!” என்று குருமூர்த்தி துள்ளினார். அந்த வீட்டில் அன்று முழு மனதோடு சந்தோசப்பட்டவர் அவர் ஒருவர்தான். என்னைப் பார்த்து, “இந்தாளும் கள்ளச் சாட்சி,” என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக நான் பகிடி எதுவும் விடாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கனகவல்லி இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். யோகராஜாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குசினியில் அவன் சொன்ன உண்மை அவளுக்குத் தெரியும். இந்தப் பொய் யாருக்காக என்பதும் அவளுக்குத் தெரியும்.

“அப்பா,” என்றாள், “எனக்கு இவரைச் சம்மதம்.”

அதிபர் நாலு வருடம் கழித்துக் காலமானார். அதுவரைக்கும் அவருக்கு இது விளங்கவே இல்லை. தங்கம் மாதிரிப் பிள்ளை என்று கொண்டுவந்து நிறுத்தியபோது வேண்டாம் என்றவள், இரண்டு மணித்தியாலத்தில் அதே ஆள் ஆடு கோழி தின்கிறவன் என்று தெரிந்ததும் சம்மதம் என்கிறாளே! லண்டன் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். கலியாணம் குரோய்டனில் பதிவோடு முடிந்தது. பெண் பக்கத்தில் பாலாம்பிகை மட்டும் வந்தாள். பேரப்பிள்ளை பிறந்த பிறகு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

இன்று அவர்கள் வீட்டில் இரண்டு அடுப்பு. சனிக்கிழமை காலையில் யோகராஜா இறைச்சிக் கடை வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வாங்கி வந்து அவளிடம் கொடுத்துவிட்டு, யன்னலைத் திறந்துவிட்டுத் தன் பருப்பைச் சாப்பிடுவான். அதன் பிறகு சட்டியைக் கழுவுவான். உண்மையை வெளியே சொல்ல நான் பலமுறை வெளிக்கிட்டேன். சொன்னால் அவள் பெயர் கெடும் என்று அவன் என்னைச் சத்தியம் பண்ண வைத்தான். இப்போது அந்த வீட்டுப் பெரியவர்கள் ஒருவரும் இல்லை. கனகவல்லியே எழுதுங்கோ அண்ணை என்று சொல்லிவிட்டாள்.

எல்லாவற்றிலும் அவனுக்கு நொந்தது கோயில்தான். ஐயருக்குத் தன் கடிதம் பொய்யாகிப் போனதில் சரியான கோபம். வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் யோகராஜா எத்தனையோ வருடம் சோறு பரிமாறியவன். இனி வாளியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்குப் பதிலாகக் கனகவல்லியைப் பரிமாற விட்டார்கள். நல்ல சைவக் குடும்பத்துப் பிள்ளை, பாவம், போய் அகப்பட்டுவிட்டது என்று பெண்களுக்கெல்லாம் அவளில் ஒரே இரக்கம்.

தொண்ணூற்றெட்டில் ஒரு வெள்ளி, அவன் கூட்டிப்போனதால் நானும் பந்தியில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். “நோகேல்லையோ ஐசே?” என்று கேட்டேன்.

“நோகும்,” என்றான்.

கனகவல்லி வடைத் தட்டோடு வந்தாள். எல்லோருக்கும் ஒன்று வைத்துக்கொண்டு வந்தவள், அவனுக்கு மட்டும் மூன்று வைத்துவிட்டு ஒன்றும் நடவாதது போலப் போனாள். எதிரே இருந்த ஒரு வயதான அம்மா அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“இந்தத் தங்கமான பிள்ளைக்காகவாவது நீர் அந்த மச்சத்தை விடக்கூடாதோ தம்பி?” என்றார்.

“விடத்தான் பாக்கிறன் அம்மா,” என்றான் யோகராஜா. “ஏலாமல் கிடக்கு.”